எதிரே உட்கார்ந்திருப்பவரின் கணக்கு

அமெரிக்காவில் தேர்தல் முடிந்த வாரத்தில், அங்கே இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் போனில் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பக்கத்து வீட்டுக்காரர் அவ்வளவு நல்ல மனுஷர் மாமா. பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அவர் போய் எப்படி அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டார்?" எந்தப் பக்கம் நிற்கும் பிள்ளை கேட்டாலும் கேள்வி இதுதான். அந்த ஆளின் பெயர் மட்டும் மாறும்.

டீ சூடாக இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விக்கு உண்மையிலேயே பதில் தேடிப் போன ஒரு பெண்மணி இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன் அவருடைய மாநிலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது விஸ்கான்சின். பால்மாட்டுக்கும் சீஸுக்கும் பேர்போன மாநிலம். தலைநகர் மாடிசன், பெரிய நகரம் மில்வாக்கி. 2016இல் டிரம்ப் அங்கே 22,748 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020இல் பைடன் 20,682 ஓட்டில் ஜெயித்தார். 2024இல் மறுபடியும் டிரம்ப், 29,397 ஓட்டில். ஒவ்வொரு முறையும் பதிவான ஓட்டு ஏறக்குறைய 30 லட்சம், அல்லது அதற்கும் மேல். அப்படியென்றால் எதிர்த்தரப்பு என்பது அங்கே எங்கோ தூரத்தில் இருக்கும் கூட்டம் இல்லை. சர்ச்சில் பக்கத்தில் உட்காருபவர், பிள்ளையின் டீச்சர், மெக்கானிக், மைத்துனர் என்று இரண்டில் ஒருவர் மறுபக்கம்.

கேத்ரின் கிரேமர் அந்த மாநிலத்தில் வளர்ந்தவர். மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியர். மக்கள் அரசியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. வழக்கமாக இதற்குப் போன் போட்டுக் கருத்துக்கணிப்பு எடுப்பார்கள். அவர் 2007 மே மாதம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர்களிடமும் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலர்களிடமும், "உங்கள் ஊரில் வழக்கமாக நாலு பேர் கூடிப் பேசுகிற இடம் எது?" என்று விசாரித்துக்கொண்டார். பல ஊர்களில் அது பெட்ரோல் பங்காக இருந்தது. அங்கெல்லாம் பங்கோடு ஒட்டி ஒரு சின்னக் கடை இருக்கும், ஒரு மூலையில் காபி இருக்கும். பொழுது விடிவதற்கு முன்பே மரம் வெட்டும் தொழிலாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், விவசாயிகள் என்று தினமும் அதே ஆட்கள் வந்து அதே இடத்தில் உட்காருவார்கள். சில ஊர்களில் பகடை உருட்டுவார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சை நினைத்துக்கொண்டால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

அங்கே போய், தான் மாடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதை மறைக்காமல் சொன்னார். உட்காரலாமா, பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பிறகு, இந்த ஊரில் உங்களை உறுத்துகிற விஷயங்கள் என்னென்ன என்று கேட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார். அடுத்த ஆண்டும் போனார், அதற்கு அடுத்த ஆண்டும் போனார். 2012 நவம்பர் வரை 27 ஊர்களில் இப்படி உட்கார்ந்திருக்கிறார். அதிலிருந்து வந்த புத்தகம் 2016இல் வெளியானது, பெயர் 'தி பாலிடிக்ஸ் ஆஃப் ரிசென்ட்மென்ட்'. அந்த ஆண்டு நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் ஊரெல்லாம் அதைத் தேடிப் படித்தது. டிரம்ப் வேட்பாளராகும் முன்பே கேட்ட பேச்சு அது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு தலைவர் வந்து ஊதிவிட்ட கோபம் இல்லை, ஏற்கெனவே இருந்த கோபம்.

கிராமத்து மேசைகளில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது மூன்று மனக்குறைகள். முடிவெல்லாம் மாடிசனில் எடுக்கிறார்கள், எங்களைக் கேட்பதில்லை. வரி எங்களிடமிருந்து போகிறது, திரும்பி வருவதில்லை. எங்களை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை, கையால் உழைப்பவனுக்கு மூளை இல்லை என்று நினைக்கிறார்கள். இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் எரிய வைத்தது என்று நான் நினைக்கிறேன். 2016 பொதுத் தேர்தல் பிரசாரத்தில் ஹிலாரி கிளின்டன் விஸ்கான்சினுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு ஊரில் பத்து வருஷமாக "எங்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படித்தவர்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு: 'ஏழைகள் ஏன் அரசாங்கத்தைச் சுருக்கு என்கிற கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்? தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்களே?' கிரேமர் கேட்ட பேச்சில் இதற்குப் பதில் இருக்கிறது. வடக்கு விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர். மரத் தொழில் படுத்துவிட்டது, பால்பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2004இல் மாநிலத்தில் 15,000க்கு மேல் இருந்த பால்பண்ணைகள் இன்று 6,000க்கும் குறைவு. அந்த ஊரில் நல்ல மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் உள்ளவர் யார்? பள்ளி ஆசிரியர், கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் விதி போடுகிற இயற்கைவளத் துறை அதிகாரி. ஆக, அரசாங்கம் என்றதும் அங்கே உட்கார்ந்திருப்பவர் மனதில் வருவது தனக்குக் கிடைக்கும் உதவி இல்லை. தன் வரிப்பணத்தில் தன்னைவிட வசதியாக இருக்கும் ஒருவரின் முகம். அதைச் சுருக்கு என்று யாராவது சொன்னால் அவர் கணக்கில் அது தனக்கு நஷ்டமே இல்லை. நியாயம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் 2011இல் நடந்தது புரியும். புதிதாக ஆளுநரான, குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கர், அந்த பிப்ரவரியில் பிற்காலத்தில் 'ஆக்ட் 10' என்று பெயர் பெற்ற மசோதாவைக் கொண்டுவந்தார். போலீஸ், தீயணைப்புத் துறை தவிர்த்து, பெரும்பாலான அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையை அது ஏறக்குறைய முழுசாகப் பறித்தது. பென்ஷனுக்கும் காப்பீட்டுக்கும் ஊழியர்களே கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. மாடிசன் சட்டமன்றக் கட்டடத்தை ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் ஆக்கிரமித்தார்கள். வாக்கெடுப்புக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) கிடைக்காமல் செய்வதற்காக 14 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் பக்கத்து மாநிலமான இல்லினாய்க்குப் போய்விட்டார்கள். ஆனாலும் மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. ஆளுநரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் தேர்தல் கேட்டு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2012 ஜூனில் அந்தத் தேர்தல் நடந்தது. வாக்கர் 53 சதவீதம் வாங்கி நிலைத்துவிட்டார்.

அந்தத் தேர்தல் குடும்பங்களைப் பிளந்தது. அப்போது மார்க்வெட் சட்டக் கல்லூரி எடுத்த கருத்துக்கணிப்பில், இந்த விவகாரத்தால் யாரோ ஒருவரிடம் அரசியல் பேசுவதையே நிறுத்திவிட்டதாக ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சொன்னார்கள். அதே மாநிலம் ஐந்தே மாதம் கழித்து ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவை ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. வாக்கர், ஒபாமா இரண்டு பேருக்குமே ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். மொத்தம் 72 கவுண்டிகளில் 23, ஒபாமாவை 2008இலும் 2012இலும் தேர்ந்தெடுத்துவிட்டு 2016இல் டிரம்ப் பக்கம் போயின. பக்கத்து வீட்டுக்காரரை 'அந்தக் கட்சி ஆள்' என்று ஒரேயடியாக முத்திரை குத்துவதற்கு முன் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். அவர் சொல்வது தப்பாக இருந்தால்?

தப்பாகவும் இருந்தது. 'எங்கள் பணமெல்லாம் மாடிசனுக்கும் மில்வாக்கிக்கும் போகிறது' என்ற பேச்சை கிரேமர் சும்மா விடவில்லை, அரசாங்கக் கணக்கை எடுத்துப் பார்த்தார். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் கிராமப்புறக் கவுண்டிகளுக்கு வரும் அரசுப் பணம் நகரத்துக்கு வருவதைவிடக் குறைவாக இல்லை. சில கணக்குகளில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இதோடு முடித்துவிட்டு, 'பார், உனக்கு விவரம் தெரியவில்லை' என்று எழுந்து வந்துவிடலாம். நம்மில் பலர் செய்வது அதுதான்.

அவர் எழுந்து வரவில்லை. தலைக்கணக்கு சரியாக இருக்கும்போது அந்த மனிதருக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று மேலும் பார்த்தார். 100 மாணவர்கள் உள்ள பள்ளிக்கும் கூரை கூரைதான், பஸ்ஸுக்கு டீசல் டீசல்தான். பிள்ளைகள் சிதறி இருந்தால் பஸ் ஓடும் தூரமும் அதிகம். சாலையும் அப்படித்தான். தலைக்கு ஒரே தொகை கொடுத்தாலும் அங்கே அது போதாது. ஏரிக்கரை ஊர்களில் இன்னொரு விஷயம் நடக்கிறது. சிகாகோவிலிருந்தும் மாடிசனிலிருந்தும் வசதியுள்ளவர்கள் வந்து கோடை விடுமுறைக்கு ஏரி ஓரம் வீடு வாங்குகிறார்கள். நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த முதியவரின் வீட்டு மதிப்பும் சேர்ந்து ஏறுகிறது, அவருடைய சொத்து வரியும் ஏறுகிறது, வருமானம் மட்டும் ஏறவில்லை. மாநில அரசு பள்ளிகளுக்கு உதவித்தொகை பிரிக்கும்போது ஊரின் சொத்து மதிப்பைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. சூத்திரத்தின் கண்ணுக்கு அது பணக்கார ஊர். உதவி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட, அந்த முதியவரிடமே மறுபடி வரி கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் 'மாடிசன் என் பணத்தைத் தின்கிறது' என்றார். அந்த வாக்கியம் கணக்குப்படி தப்பு. ஆனால் அதற்குக் கீழே ஒரு நிஜமான அடி விழுந்திருக்கிறது. வாக்கியத்தைத் திருத்துவதில் வேகம் காட்டினால் அடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதைச் சொல்லும்போதே அந்த ஊர் ஆசிரியரையும் நினைக்க வேண்டும். புரிந்துகொள்வது என்றால் எப்போதும் நகரத்தார் கிராமத்தாரைப் புரிந்துகொள்வது என்றே பேசுகிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. ஆக்ட் 10 வந்த பிறகு அந்த ஆசிரியர் கையில் வாங்கும் சம்பளம் குறைந்தது. அதைவிட, தன்னிடம் படித்த பிள்ளையின் அப்பாவே தன்னை ஊர்ப்பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் என்று பேசியதைக் கேட்டுக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய கணக்கிலும் மதிப்புதான் பறிபோயிருக்கிறது. இரண்டு பேருக்கும் வலி ஒரே இடத்தில்தான். எதிரெதிர்ப் பெட்டியில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

மில்வாக்கியை விட்டுவிட்டும் பேசக் கூடாது. அமெரிக்காவில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் மிகவும் பிரிந்து வாழும் பெருநகரங்களில் அது ஒன்று. கிராமத்து மேசையில் 'உழைக்காதவர்களுக்குப் பணம் போகிறது' என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் யார் இருக்கிறார்? மாடிசன் பேராசிரியராகவும் இருக்கலாம், மில்வாக்கியின் கறுப்பினத் தாயாகவும் இருக்கலாம். பல சமயம் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, பிரித்தெடுக்க முடியாது என்றே கிரேமரும் சொல்கிறார். இன வெறுப்பு இருக்குமிடத்தில் அது இல்லை என்று பூசி மெழுகுவது புரிதல் ஆகாது. ஒருவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காக அந்த நினைப்புக்கு விலை கொடுப்பவரிடம் போய் 'நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போ' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எந்த ஓட்டினால் நேரடியாகத் தன் பாதுகாப்பே போகும் என்று ஒருவர் அஞ்சுகிறாரோ, அவரைச் சமாதானத் தூதராக அனுப்பாதீர்கள். அந்த வேலைக்கு ஆபத்து குறைவாக உள்ளவர்கள் முதலில் போகட்டும்.

சரி, எப்படிப் பேசுவது? முதலில் பலிக்காத வழியைச் சொல்லிவிடுகிறேன். 'எதிர்த்தரப்புக் கருத்தைத் தினமும் படித்தால் மனம் விரியும்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கிறிஸ் பெய்ல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்த்தரப்புத் தலைவர்களின் கருத்துகளைப் பரப்பும் ஒரு ட்விட்டர் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிட இன்னும் தங்கள் பக்கமே போய்விட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடமும் மனமாற்றம் எதுவும் தென்படவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அங்கே கண்ணில் படுவது கோஷம், மனுஷர் இல்லை.

'மோர் இன் காமன்' என்ற அமைப்பு 2019இல் இன்னொன்றைக் கண்டறிந்தது. எதிர்க்கட்சிக்காரர்களில் எத்தனை பேர் தீவிரமான கருத்து உள்ளவர்கள் என்று கேட்டால், இரு தரப்பாருமே நிஜத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். செய்தியை விழுந்து விழுந்து படிப்பவர்களின் ஊகம், எப்போதாவது படிப்பவர்களின் ஊகத்தைவிட மிகவும் தப்பாக இருந்தது. காலை முதல் இரவு வரை டிவி விவாதம் பார்ப்பவர் தன்னை விவரமறிந்தவர் என்று நினைத்துக்கொள்கிறார். தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரிவதில்லை.

பலித்த வழி ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலீஸில் ஒருபாலீர்ப்பாளர் உரிமைக்காக வேலை செய்தவர்கள், ஒரு வாக்கெடுப்பில் தோற்ற பிறகு, எதிராக ஓட்டுப் போட்டவர்களின் வீட்டுக் கதவையே போய்த் தட்டிப் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட முறை இது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் மியாமியில் அதைச் சோதித்தார்கள். திருநங்கை, திருநம்பிகளுக்குப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் பற்றிய பேச்சு. சோதனையில் இருந்த 501 வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், ஆளுக்குச் சுமார் 10 நிமிடம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் வெறுப்பு குறைந்த நிலையிலேயே இருந்தது. இதே முறையைப் பற்றி அதற்கு முன் வெளிவந்த ஓர் ஆய்வு பொய்யான தரவால் ஆனது என்று அம்பலப்படுத்தியவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. அதனால் இவர்கள் சொல்வதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

அந்த 10 நிமிடத்தில் என்ன நடந்தது? வந்தவர், சட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் எதுவாக இருந்தாலும் முகம் சுளிக்கவில்லை, மறுத்துப் பேசவில்லை. பிறகு, நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காக யாராவது உங்களை மட்டமாக நடத்தியது உண்டா என்று கேட்டார். கதவருகே நின்றவர் தன் வாழ்க்கையில் பட்டதைச் சொன்னார். வந்தவரும் தான் பட்டதைச் சொன்னார். அங்கிருந்து மெல்லச் சட்டத்துக்குத் திரும்பினார்கள். இதே ஆய்வாளர்கள் பிறகு வேறு விஷயங்களில் செய்த சோதனைகளில், இந்த அனுபவப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்தபோது பலன் இல்லாமல் போனது.

ஆகவே போனில் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. 'ஏன் போட்டீர்கள்?' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டதும் எவரும் வக்கீலாகிவிடுவார், டிவியில் கேட்ட பாயின்டுகளை எடுத்து அடுக்குவார். 'இந்த ஊர் முன்னே எப்படி இருந்தது?', 'உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?', 'இங்கே எது சரியில்லை என்று நினைக்கிறீர்கள், எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்குள், யார் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார், யாரை யார் மதிக்கவில்லை என்ற அவருடைய கணக்கு வந்துவிடும். வந்ததும் உங்கள் கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு விசா பற்றிய பயம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், கடையில் யாரோ உங்களைப் பார்த்து ஏதோ சொன்னது இன்னும் உறுத்தினால் அதையும் சொல்லுங்கள். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருப்பதும் டிவி சொன்னதுதான்.

ஒரே உட்காரலில் எதுவும் நடக்காது. கிரேமருக்கு ஐந்தரை ஆண்டு பிடித்தது. சிலரிடம் எத்தனை முறை போனாலும் நடக்காது. கேட்பதற்கே தயாராக இல்லாதவரும், உங்களைச் சிறுமைப்படுத்துவதில் சுகம் காண்பவரும் எல்லா ஊரிலும் உண்டு. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். மற்றவர்களிடம் பேசுவதானால், தேர்தல் நெருங்கும் மாதங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது வாசலில் நிற்கும் எவரும் ஓட்டுக் கேட்டு வந்தவராகத்தான் தெரிவார். விஸ்கான்சினில் ஜனவரி நல்ல மாதம். வெளியே பனி கிடக்கும், வயலில் வேலை இருக்காது, காபிக்கு உட்கார ஆட்களுக்கு நேரம் இருக்கும்.